போர்க்களமா, குடும்பமா? சாம் மானெக்‌ஷாவுக்காக ஒரு வழக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மற்ற மரியாதைகளை எங்கள் அணித் தலைவர் செய்து முடித்துவிட்டார். எனக்கு இருக்கும் நேரம் சாம் மானெக்‌ஷாவுக்கே போதாது.

"பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா நினைவில் நிற்க வேண்டியது போர்வீரராகவா, குடும்பத் தலைவராகவா?" 1971இல் பாகிஸ்தானுடன் நடந்த போரில் நம் தரைப்படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஆனாலும் குடும்பத் தலைவராகத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சித்தாங் பாலத்துச் சண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனார். மீதியைக் கேளுங்கள். 1942 பிப்ரவரி, இரண்டாம் உலகப் போர், பர்மா. ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கி இளம் கேப்டன் சாமின் வயிற்றைத் துளைத்துவிட்டது. தளபதி டேவிட் கோவன் தம் மார்பில் இருந்த மிலிட்டரி கிராஸ் நாடாவைக் கழற்றி இவர் சட்டையில் குத்துகிறார். ஏன் இந்த அவசரம்? இறந்தவருக்கு அந்தப் பதக்கம் கிடையாதாம். ஆள் பிழைக்கமாட்டார் என்று தளபதியே முடிவு கட்டிவிட்டார்! ஆனால் சாமின் உதவியாளர், ஒரு சீக்கியச் சிப்பாய், முடிவு கட்டவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போகிறார். மருத்துவர் கையை விரிக்கிறார். சிப்பாய் விடவில்லை. அந்த நேரம் பார்த்து சாம் கண்ணைத் திறக்கிறார். "என்ன ஆயிற்று உனக்கு?" என்கிறார் மருத்துவர்.

வேறு யாராக இருந்தாலும் "ஐயோ" என்றிருப்பார்கள், "அம்மா" என்றிருப்பார்கள். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "கோவேறு கழுதை உதைத்துவிட்டது!"

பின்வரிசைக்குக் கேட்டதா? மறுபடியும் சொல்கிறேன். வயிறு நிறையக் குண்டு, உயிர் தொண்டைக்குழியில், பழி கழுதையின் மேல்! இந்த நிலையிலும் இப்படிப் பேசுகிறவனைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்று மருத்துவர் கத்தியைக் கையில் எடுத்தார் என்பார்கள்.

இதை வீரம் என்று எதிரணி தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது. அன்றைக்கு அவருக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகள்கூட முடியவில்லை. மூத்த மகளுக்கு வயது 2. சாகத் துணிந்தவன் பேசுகிற பேச்சா இது? வீட்டுக்குப் போயே தீருவேன் என்று இருப்பவன் பேச்சு!

எதிரணித் தம்பி ஒருவர், "ஓய்வுபெற்றுக் குன்னூரில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய தாத்தாவையா நாடு நினைக்கும்?" என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. தம்பி, நீங்கள் சொல்லும் 1971 போர் 13 நாளில் முடிந்தது. சாம் சிலூவைக் கைப்பிடித்தது 1939இல். அந்த அம்மையார் மறைந்தது 2001இல். 61 ஆண்டுகள்! எது பெரிய களம்? பாகிஸ்தான் தரப்பில் 93,000 பேர் சரணடைந்த டாக்கா விழாவுக்கு இவரே போயிருக்கலாம். போகவில்லை. அந்தப் பெருமை கிழக்குப் படைத் தளபதி அரோராவுக்கு உரியது என்று ஒதுங்கிக்கொண்டார். தம்பியை முன்னே நிற்க வைத்து அழகு பார்க்கும் அண்ணனை நீங்கள் வீட்டில் பார்த்ததில்லையா? செடிக்குத் தண்ணீர் ஊற்றிய கை அது, தம்பி. அதைக் கேலி பேசாதீர்கள்.

போர் முடிந்து லாகூர் போனபோது நடந்ததை சாமே சொல்லியிருக்கிறார். ஆளுநர் மாளிகையில் வேலை பார்த்த ஒருவர் தம் தலைப்பாகையைக் கழற்றி இவர் காலடியில் வைத்தாராம். அவருடைய மகன்கள் இந்தியாவில் போர்க்கைதிகள். தங்களுக்குப் படுக்கக் கட்டில் இருக்கிறது, இந்தியச் சிப்பாய்கள் தரையில் படுக்கிறார்கள் என்று கடிதம் எழுதியிருந்தார்கள். நடுவர் அவர்களே, அந்தத் தலைப்பாகை தளபதிக்கு வைத்ததா? ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனுக்கு வைத்தது! பகைவன் பெற்ற பிள்ளைக்கும் முதுகு வலிக்கும் என்பது பிள்ளை பெற்றவனுக்குத்தான் தெரியும்.

2008 ஜூன் 27, வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 94. ராணுவ மரியாதையோடு கொண்டுபோய் எங்கே வைத்தார்கள்? ஊட்டி பார்சி கல்லறைத் தோட்டத்தில், சிலூவின் பக்கத்தில்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் பூங்காவையும் ஏரியையும் பார்த்துவிட்டு மலை இறங்கிவிடுகிறார்கள். அந்த இருவர் இருக்கும் இடத்துக்கும் உங்கள் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். போரைப் பாடப்புத்தகம் சொல்லிவிடும். இந்தத் தாத்தா பாட்டியின் கதையை நாம்தான் சொல்ல வேண்டும். நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.