அண்ணனுக்க பச்சை பை | தூத்தூர் போற வழியில

வணக்கம் மக்களே, காத்து சத்தம் கேக்கும், மன்னிச்சுக்கோங்க, தேங்காப்பட்டணம் ஹார்பர் பக்கத்துல நிக்கேன். இன்னைக்கு மீன் வீடியோ இல்ல. கூட வர்ற அண்ணன எங்க காணல்லன்னு நிறைய பேரு கேட்டாச்சு. அண்ணன் தவறிட்டாரு, ஹார்ட் அட்டாக், மூணு மாசம் ஆச்சு. வாய் வரல்ல, அதான் சொல்லல்ல.

இது அவருக்க பை. ஜிப் போயி ஊக்கு குத்தி வச்சிருக்காரு பாருங்க. உள்ள ஒரு நீள நோட்டு, 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்சதுக்கு அடுத்த வாரம் தொடங்குனது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு ரெண்டு பேரும் பைக்குல வீடு வீடா போயி எழுதுனோம், கடலுக்கு போனவங்களுக்க பேரு, போட் நம்பர், எந்த ஹார்பர்ல இருந்து போனாவ, கடைசியா யாருகிட்ட பேசுனாவ எல்லாம். கடைசி கட்டத்துல மட்டும் எல்லாருக்கும் ஒரே வார்த்த, "வரல்ல". நான் ஒரு தடவ "இறப்பு"ன்னு எழுதிட்டேன். அண்ணன் ஒண்ணும் பேசல்ல, பேனாவ வாங்கி அடிச்சிட்டு மேல "வரல்ல"ன்னு எழுதுனாரு. இந்தா, அந்த கோடு.

ஒக்கியில உடம்பு கிடைக்காத வீட்டுக்கும் 7 வருஷம் காக்க வைக்காம அரசாங்கம் 20 லட்சம் குடுத்துச்சு. ஆனா சாதாரண நாள்ல ஒத்த ஆளு போட்ல இருந்து விழுந்தா? உடம்பு இல்ல, அதனால டெத் சர்டிபிகேட் இல்ல, அது இல்லாம 5 லட்சம் விபத்து இன்சூரன்ஸ் பேப்பரு நகராது, ஆளப்பத்தி 7 வருஷம் ஒரு தகவலும் இல்லன்னாதான் செத்ததா எடுத்துக்கலாம்னு சட்டம், அதுவரைக்கும் பிள்ளையளுக்க ஃபீஸ யாரு கட்டுவா? அண்ணன் சண்ட போட்டது இதுக்குத்தான். நமக்கு 108ன்னா ஆம்புலன்ஸ், அவருக்கு இந்த 7 வருஷ கணக்கு சொல்லுற பழைய சாட்சிய சட்டம் பிரிவு 108.

போன வாரம் ஒரு ஆபீசுக்கு தனியா போனேன். "நீங்க யாரு, சொந்தமா?"ன்னு கேட்டாவ. அண்ணன்னா "சொந்தந்தான், எழுதிக்கோங்க"ன்னு கூசாம சொல்லுவாரு. நான் முழிச்சிட்டு திரும்பி வந்துட்டேன். மறுநாள் போயி சொன்னேன், சொந்தந்தான்னு. மனு வாங்கிட்டாவ.

நோட்டு அட்டையில 1554ன்னு பெரிசா இருக்கு, கோஸ்ட் கார்டு, அதான் கடலோர காவல்படை, அவங்களுக்க நம்பரு, யார கண்டாலும் போன்ல சேவ் பண்ண வச்சிட்டுதான் விடுவாரு, நீங்களும் பண்ணிடுங்க.

இப்போ ஒரு அம்மா வீட்டுக்கு போறேன், நோட்டுல புது பக்கம். காலையில போன் பண்ணுனேன். "அண்ணன் வரல்லையா மக்கா?"ன்னு கேட்டாவ.

வரல்லன்னு சொன்னேன்.

சரி, மழ தூறுது, கேமராவ வைக்கேன்.