மைனஸ் 22-ஐ 10-ஆல் வகுத்தால் விடை மைனஸ் 2-ஆ, மைனஸ் 3-ஆ? பைத்தான் காரணத்தை வேறு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது!

[திரையில்: -22 // 10]

வணக்கம் மக்களே! இந்த முழு எண் வகுத்தலுக்கு சி என்ற நிரல் மொழியில் விடை மைனஸ் 2. பைத்தான் என்ற நிரல் மொழியில் மைனஸ் 3. கணக்கு ஒன்றுதான், விடை இரண்டு!

வேலூர் சத்துவாச்சாரியில் நான் எடுக்கும் வகுப்புக்கு வரும் தங்கச்சி ஒருத்தி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "அண்ணா, பைத்தான்ல பக் இருக்கு பாருங்க" என்றாள். பைத்தான் ஆவணத்தைத் திறந்தோம். ஈவு எப்போதும் மைனஸ் முடிவிலி பக்கமாகவே இறங்கும், அதாவது மைனஸ் 2.2 வந்தால் மைனஸ் 3 ஆகும் என்று போட்டிருந்தது. சரி, விதி புரிந்தது. "ஏண்ணா அப்படி?" என்றாள். அதற்கு அங்கே பதில் இல்லை.

பதில் இருக்கிறது, ஆனால் அடிக்கடி கேட்கும் கேள்விகள் பகுதியில். வகுக்கும் எண்ணுக்கு என்ன குறியோ அதே குறிதான் மீதிக்கும் வர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் தரும் கடிகார உதாரணம் எனக்கு அவ்வளவு பிடித்தது! நம்ம ஊருக்குக் கொண்டுவந்து சொல்கிறேன்.

[திரையில்: பத்து மணி காட்டும் கடிகாரம்]

காட்பாடி ஜங்ஷனில் மணி பத்து. 200 மணி நேரத்துக்கு முன்னால் முள் எங்கே இருந்திருக்கும்? பத்தில் 200 போனால் மைனஸ் 190. அதை 12-ஆல் வகுத்து மீதி எடுங்கள். பைத்தான் 2 என்கிறது. ஆமாம், மணி இரண்டு! சி மொழியில் மீதி மைனஸ் 10. மைனஸ் பத்து மணிக்கு எந்த ரயில் வரும், சொல்லுங்கள்?

இப்போது நம்ம கணக்குக்கு வாருங்கள். ஈவு மைனஸ் 3, மீதி 8. தங்கச்சி நோட்டில் பெருக்கிக் கூட்டினாள்: மைனஸ் 30, கூட்டல் 8, மைனஸ் 22. பேனாவை வைத்துவிட்டு, "இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

அதைத்தான் நானும் கேட்கிறேன். விதி இருக்கும் வரியிலேயே காரணத்துக்கு ஒரு இணைப்பு, அவ்வளவுதான். முடியாத வேலை இல்லை. 2021-இல் பைத்தான் 3.10-ல் மேட்ச் என்ற புதிய கட்டளை வந்தபோது விதிக்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று, பாடத்துக்கு ஒன்று என மூன்று பெப் (பைத்தானில் மாற்றத்தை முன்மொழியும் ஆவணம்) எழுதி, புதியவை பட்டியலிலேயே சேர்த்துக் கொடுத்தார்கள். ரஸ்ட் என்ற இன்னொரு நிரல் மொழியில் மாற்றம் கேட்டு எழுதும் ஆர்.எஃப்.சி. படிவத்தில் 'ஏன் இந்த வழி, வேறு என்ன வழிகள்' என்று ஒரு பகுதியே உண்டு. பைத்தான் ஆவணத்தை யாரும் திருத்தி அனுப்பலாம், மக்களே. நீங்கள் தலையைச் சொறிந்த ஒரு விதியை கமெண்டில் போடுங்கள். காரணம் எங்கே எழுதியிருக்கிறது என்று சேர்ந்து தேடி, இணைப்பை அனுப்பி வைப்போம்.

அப்புறம் தங்கச்சி விடவில்லை. "சி மட்டும் ஏண்ணா பைத்தான் மாதிரி செய்யல?" அதற்கும் எழுத்தில் பதில் உண்டு. சி மொழியின் விதிகளைச் சொல்லும் முதல் தர ஆவணம் இதை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை எழுதுபவர் விருப்பத்துக்கு விட்டிருந்தது. 1999 தரம்தான் பூஜ்யம் பக்கமாக வெட்டச் சொன்னது. ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல் மொழி அப்படித்தான் செய்கிறது என்பது காரணம். தரத்துக்குத் துணையாக வந்த காரண விளக்க ஆவணத்தில் அது இருக்கிறது, தனியாக.