ருவாண்டாவில் வானொலி

நேயர்களுக்கு என் வணக்கம். போரையும் பயங்கரவாதத்தையும் வெகுமக்கள் ஊடகங்கள் எப்படி எதிர்கொள்கின்றன என்று பேசக் கேட்டிருக்கிறார்கள். திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் தொட்டுவிட்டு முடிப்பதுதான் வழக்கம். வானொலி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு வானொலியைப் பேசாமல் விடுவது முறையல்ல என்று எனக்குப் பட்டது. ஆகவே ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவுக்குப் போவோம்.

1993 ஜூலையில் அங்கே ஆர்.டி.எல்.எம். என்ற தனியார் வானொலி தொடங்கியது. அரசு வானொலி விறைப்பாகச் செய்தி வாசித்துக்கொண்டிருந்த நாட்டில் இது நல்ல பாட்டுகளைப் போட்டது. அறிவிப்பாளர்கள் தெருமுனையில் நின்று அரட்டை அடிப்பவர்களைப் போலப் பேசினார்கள், சிரிக்க வைத்தார்கள், நேயர்களையும் பேச விட்டார்கள். இளைஞர்கள் விரும்பிக் கேட்டார்கள். அந்த விருப்பத்தின் வழியாகத்தான் நஞ்சு உள்ளே போனது. சிறுபான்மைத் துட்சி மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று ஓயாமல் சொன்னார்கள்.

1994 ஏப்ரல் 6 அன்று குடியரசுத் தலைவர் ஹபியாரிமானா பயணம் செய்த விமானம் தலைநகர் கிகாலியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. பெரும்பான்மை ஹூட்டு இனத்தின் தீவிரவாதிகள் துட்சி மக்களைப் படுகொலை செய்யத் தொடங்கினார்கள். இன்னார் இந்த இடத்தில் ஒளிந்திருக்கிறார், இந்த எண் கொண்ட வண்டியில் தப்பிப் போகிறார் என்று அந்த வானொலி பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்தது. நடுநடுவே பாட்டும் ஒலித்தது. சுமார் 100 நாள்களில் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. கொலைக்கு உடன்படாத ஹூட்டு மக்களும் அதில் உண்டு.

அங்கிருந்த ஐ.நா. படையின் தளபதி டல்லேர், அந்த ஒலிபரப்பை முடக்க உதவி கேட்டார். அதற்கான விமானம் பறக்க மணிக்கு 8,500 டாலர் ஆகும், சட்டச் சிக்கலும் உண்டு என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை குறிப்பு எழுதியது. விமானம் வரவில்லை. அந்தத் தொகையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. 2003 டிசம்பரில், இந்தப் படுகொலையை விசாரிக்கத் தான்சானியாவின் ஆருஷா நகரில் அமைந்த சர்வதேசத் தீர்ப்பாயம், வானொலியை நிறுவியவர்களுள் ஒருவரான நஹிமானாவைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.

இதோடு கதையை நிறுத்திவிடுபவர்கள் அதிகம். இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

2004-ல் ருவாண்டாவின் அரசு வானொலியில் 'முசெகெவெயா' என்ற தொடர் நாடகம் தொடங்கியது. 'புதிய விடியல்' என்று பொருள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் முயற்சி அது. பாத்திரங்களின் வாயில் ஹூட்டு, துட்சி என்ற சொற்களே வராது. இரண்டு ஊர்கள் மட்டும் உண்டு: புமான்சி, முஹுமுரோ. நடுவே செழிப்பான ஒரு பள்ளத்தாக்கு. ஆட்சி ஓர் ஊருக்குச் சலுகை காட்டுகிறது, மற்ற ஊரில் வயிறெரிச்சல் மூள்கிறது, அதை ஊதிவிட ஒரு தலைவனும் கிடைக்கிறான். பத்தாமுலிசா என்ற பெண் இந்த ஊர், ஷேமா என்ற இளைஞன் அந்த ஊர். இருவரும் காதலிக்கிறார்கள். தலைவர்களை எதிர்த்து வாய் திறக்கிற இளைஞர்கள் மெல்ல மெல்ல ஒன்று சேர்கிறார்கள். எந்த ஊர் யாரைக் குறிக்கிறது என்பதை ருவாண்டாக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த நாடகத்தால் பயன் உண்டா என்று எலிசபெத் லெவி பாலக் என்ற உளவியலாளர் ஓராண்டு சோதித்துப் பார்த்தார். சில ஊர்களில் மக்கள் கூடி உட்கார்ந்து இந்த நாடகத்தைக் கேட்டார்கள். வேறு சில ஊர்களில் உடல்நலம் பற்றிய ஒரு நாடகத்தைக் கேட்டார்கள். சொந்தக் கருத்துகளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் ஊரில் எப்படி நடந்துகொள்வது வழக்கம், எதை வெளிப்படையாகச் சொல்லலாம் என்ற எண்ணம் மாறியிருந்தது.

அது எப்படித் தெரிந்தது என்பதைக் கேளுங்கள். கடைசி நாளில் ஒவ்வொரு குழுவுக்கும் பொதுவாக ஒரு வானொலிப் பெட்டியையும் நாடக ஒலிநாடாக்களையும் பரிசாகக் கொடுத்தார்கள். உடல்நல நாடகம் கேட்டவர்கள் பெரும்பாலும் பேச்சே இல்லாமல் உள்ளூர் அதிகாரியிடம் ஒப்படைத்தார்கள். 'முசெகெவெயா' கேட்டவர்களோ யாரிடம் வைப்பது என்று வாதம் செய்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்தே பொறுப்பேற்போம் என்றும் குரல் எழுந்தது. அதிகாரி சொல்கிறார், ஊர் கேட்கிறது என்ற பழக்கம் 1994-ல் என்ன செய்தது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தச் சிறு வாதத்தின் அருமை தெரியும்.

இதை வைத்து, நாடகம் போட்டால் பகை தீரும் என்று நான் சொல்லமாட்டேன். அதே ஆய்வாளர் பக்கத்து நாடான காங்கோவின் கிழக்குப் பகுதியிலும் இதேபோன்ற ஒரு நாடகத்தைச் சோதித்தார். அங்கே நாடகம் முடிந்ததும் கேட்டவர்கள் தங்களுக்குள் விவாதிக்கும்படி தூண்டும் ஒரு பேச்சு நிகழ்ச்சியையும் சில பகுதிகளில் சேர்த்திருந்தார்கள். அதைக் கேட்டவர்கள் அதிகம் பேசினார்கள். ஆனால் பேச்சில் பழைய குறைகளே மேலெழுந்தன. தங்களுக்குப் பிடிக்காத பிரிவினர்மீது சகிப்பு குறைந்தது. உதவும் மனமும் குறைந்தது.

அங்கே துப்பாக்கிச் சத்தம் இன்னும் ஓய்ந்திருக்கவில்லை, காரணம் அதுதான் என்று நான் கருதுகிறேன். உறவைப் பறிகொடுத்தவரிடம் ஒலிவாங்கியை நீட்டி உங்கள் கருத்து என்ன என்று கேட்பது எளிது. ஒவ்வொரு குண்டுவெடிப்புக்கும் மறுநாள் நம் ஊடகங்கள் அதைத்தான் செய்கின்றன. அந்த நிகழ்ச்சியை நடத்துபவர்கள், ஒலிவாங்கியை நீட்டுவதற்கு முன்பு காங்கோவில் கிடைத்த இந்த முடிவை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.