தடிமனாக்கிவிடாதீர்கள்: ஒரு லோட்டஸ் எலீட் ஷெட்டிலிருந்து

வணக்கம் மக்களே. இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் ஒரு பெரியவருடைய ஷெட்டில் நின்று பேசுகிறேன். பெயரைச் சொல்லாதே, முகத்தைக் காட்டாதே என்று கேட்டுக்கொண்டார். அதனால் கேமரா இன்று முழுக்கக் காரைத்தான் பார்க்கும். பின்னால் நான்கு மரக்கட்டைகள் மேல், சக்கரம் இல்லாமல், பாதி பெயிண்ட் சுரண்டிய நிலையில் இருக்கிறதே, அதுதான் 1961-ஆம் வருடத்து லோட்டஸ் எலீட், லோட்டஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார். 1974-ல் இதே பெயரில் நாலு பேர் உட்காரும் ஒரு லோட்டஸ் வந்தது. அது வேறு கார், கமெண்டில் இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

இந்த எலீட் 1957-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் ஷோவில் முதலில் காட்டப்பட்டது. 1963 வரை ஓடிய தயாரிப்பில் மொத்தம் சுமார் ஆயிரம் கார்கள்தான் வந்தன. இதற்கு உருவம் கொடுத்த பீட்டர் கிர்வன்-டெய்லர் தொழிலால் ஒரு கணக்காளர். ஆமாம், ஆடிட்டர் வேலை பார்த்த மனிதர்! காற்றைக் கிழித்துப் போகும் வேலையை ஃபிராங்க் காஸ்டின் சரிபார்த்தார். அந்தக் காலத்திலேயே காற்றுத்தடை எண் 0.29. இன்றைய எஸ்யூவிகள் பலவற்றுக்கு அந்த எண் கிடைப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காருக்குத் தனியாகச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. உடம்பே சேசிஸ், அதுவும் ஃபைபர் கிளாஸ். தளம் ஒன்று, உள்கூடு ஒன்று, வெளியே நாம் பார்க்கிற ஓடு ஒன்று. இந்த மூன்று பெரிய வார்ப்புகளைப் பிசின் வைத்து ஒட்டினால் பெட்டி பெட்டியாக உள்ளே வெற்றிடம் வரும். அந்தப் பெட்டிகள்தான் பலம். இரும்பு என்று பார்த்தால் முன்பக்கம் எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் ஒரு குழாய்ச் சட்டமும், கண்ணாடியைச் சுற்றிப் போகும் ஒரு வளைவும்தான். கதவுக் கீல் அந்த வளைவில்தான் மாட்டுகிறது. இதனால்தான் எடை, பெட்ரோல் எண்ணெயெல்லாம் ஊற்றாமல், 500 கிலோ சொச்சத்தில் நின்றது.

இதைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது, "அப்படியானால் துருவே பிடிக்காதே, ரிஸ்டோர் பண்ணுவது சுலபமாச்சே!" பெரியவரிடம் நானும் இதையேதான் சொன்னேன். சிரித்துவிட்டு ஒரு நாணயத்தை எடுத்துப் பின்பக்கத் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறியது. அந்த இடத்தில் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிட்டன என்று அர்த்தம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரும்பு பாழானால் துரு கண்ணில் படும், ஃபைபர் கிளாஸில் இப்படித் தட்டித் தட்டித்தான் தேட வேண்டும். போதாக்குறைக்கு உள்ளே புதைந்த அந்தக் கொஞ்ச இரும்பு இருக்கிறதே, அது துருப்பிடித்து வீங்கினால் சுற்றியிருக்கும் ஃபைபரை வெடிக்கவைத்துவிடும். பார்க்க முடியாத இடத்தில், கழற்ற முடியாத இரும்பு!

எலீட்டின் பெரிய நோவு பின்பக்கம்தான். எஞ்சினின் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் நேராக உடம்போடு போல்ட் போடப்பட்டிருக்கிறது. கிளட்சை விடும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்ன இடம்தான் முழு முறுக்கையும் வாங்குகிறது. போதாததற்குப் பின்பக்க டிஸ்க் பிரேக்கும் சக்கரத்தில் இல்லை, டிஃபரன்ஷியல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆக, வேகம் எடுத்தாலும் பிரேக் பிடித்தாலும் அடி அங்கேதான். வருடக்கணக்கில் இது நடந்தால் போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும், கடைசியில் பிய்த்துக்கொண்டே வந்துவிடும்.

இங்கேதான் எலீட் வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சி, விரிசல் வந்தால் மேலே நாலு அடுக்கு கண்ணாடியிழைப் பாய் போட்டுப் பிசின் ஊற்றி மொத்தையாக்கு என்கிறது. இந்தக் காரையும் முன்பு வைத்திருந்த யாரோ அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அந்தத் துண்டைப் பெரியவர் வெட்டி எடுத்து வைத்திருக்கிறார், பாருங்கள். என் கட்டைவிரல் தடிமன் இருக்கிறது. பக்கத்தில் அசல் சுவர் சில மில்லிமீட்டர்தான்.

தடிமனாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. அசல் உடம்பு முழுக்க ஒரே சீராகக் கொஞ்சம் வளைந்துகொடுத்துச் சுமையைப் பரப்புகிறது. நடுவில் வளையாத ஒரு மொத்தைத் துண்டை வைத்தால் சுமை அந்தத் துண்டின் விளிம்பில் போய்க் குவியும். பழைய விரிசலுக்குப் பத்து அங்குலம் தள்ளிப் புது விரிசல் வரும். அதன் மேல் இன்னொரு மொத்தை. இப்படியே போனால் இலேசான கார் என்று பெயர் வாங்கியது கனமான காராகிவிடும்.

பெரியவர் செய்வது பொறுமையான வேலை. பழுதான இடத்தை நல்ல அடுக்கு தெரியும்வரை சாய்வாக இழைத்துக்கொண்டு போகிறார், செங்குத்தாக வெட்டுவதில்லை. அப்புறம் சின்னத் துண்டு, அதைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு, இன்னும் பெரியது என்று அடுக்குகிறார். அசலில் போட்ட பழைய பாலியெஸ்டர் பிசின் மேல் எப்பாக்ஸி என்ற பிசின்தான் நன்றாகப் பிடிக்கும் என்று அதையே வைத்துக்கொள்கிறார். டிஃபரன்ஷியல் போல்ட்டுக்கு மட்டும் உள்ளே அகலமான ஒரு தகடு வைத்துச் சுமையைப் பரப்புகிறார். அசலில் இல்லாத சேர்ப்பு அது ஒன்றுதான். அதற்கும் ஒரு நோட்டில் தேதியும் படமும் வைத்திருக்கிறார், நாளைக்கு வாங்குபவருக்கு எது பழசு எது புதுசு என்று தெரியவேண்டும் என்பதற்காக. என்னைக் கேட்டால் மெடல் வாங்குகிற பளபளப்பைவிட இந்த நோட்டுக்குத்தான் மதிப்பு.

பெயிண்ட் எடுப்பதும் அப்படித்தான். நம்மூர் டிங்கரிங் ஷெட்டில் தகரக் காருக்குப் போடும் கெமிக்கல் ஸ்ட்ரிப்பரை இதில் ஊற்றினால் பெயிண்டோடு ஃபைபரின் வழவழப்பான மேல்தோலான ஜெல்கோட்டும் போய்விடும். பிளேடு, உப்புத்தாள், கை. அவ்வளவுதான். முட்டி வலிக்கும்.

எலெக்ட்ரிகலில் ஒரு வேடிக்கை. இரும்புக் காரில் உடம்பே எர்த். ஃபைபர் மின்சாரம் கடத்தாது, அதனால் ஒவ்வொரு லைட்டுக்கும் எர்த் ஒயர் தனியாக இழுக்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் இண்டிகேட்டர் போட்டால் வேறு ஏதோ மினுக்கும். பழைய பிரிட்டிஷ் கார்களின் ஒயரிங்கைத் திட்டுகிறவர்கள் பாதி நேரம் எர்த்தைத்தான் திட்டவேண்டும்.

எஞ்சின் இந்த மேசை மேல் இருக்கிறது. கவென்ட்ரி கிளைமேக்ஸ் எஃப்டபிள்யூஇ, 1216 சிசி, முழுக்க அலுமினியம். இதன் மூதாதை தீயணைப்புப் பம்பு! 1950 வாக்கில் அரசாங்கம், பாதி எடையில் இருமடங்கு தண்ணீர் இறைக்கும் கையில் தூக்கிப்போகும் பம்பு எஞ்சின் வேண்டும் என்று கேட்க, வால்டர் ஹசன், ஹாரி மண்டி என்ற இரண்டு பொறியாளர்கள் செய்தது. பந்தயக்காரர்கள் பார்த்ததும் விடவில்லை. பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1959-லிருந்து 1964 வரை எலீட் தன் பிரிவில் ஜெயித்துக்கொண்டே வந்தது இந்தக் குடும்பத்து எஞ்சினோடுதான்.

கியர்பாக்ஸ் எம்ஜிஏ என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரில் வந்த வகை. அந்த எம்ஜிஏவின் எஞ்சின், பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கார் கம்பெனியின் பி சீரிஸ். நம் அம்பாசிடரில் வருடக்கணக்காக ஓடியதே 1489 சிசி எஞ்சின், அதுவும் அதே பி சீரிஸ்தான். கொல்கத்தா டாக்ஸிக்கும் இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காருக்கும் இப்படி ஒரு சொந்தம்.

ரிஸ்டோர் என்றால் எல்லாக் காருக்கும் ஒரே கஷ்டம் இல்லை. எம்ஜிஏவுக்கு அடுத்து வந்த எம்ஜிபி ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. 1988-லிருந்து அதற்குப் புது உடம்பே வாங்க முடிகிறது. ஜாகுவார் 2014-ல் ஒரு படி மேலே போய், 1963-ல் திட்டமிட்டுச் செய்யாமல் விட்ட ஆறு லைட்வெயிட் ஈ-டைப் பந்தயக் கார்களைத் தானே செய்து முடிக்க இறங்கியது. எனக்கு அதில் அவ்வளவு உற்சாகம் இல்லை. பழைய சேசிஸ் வரிசையில் விட்டுப்போன எண் என்பதாலேயே புதுக் கார் பழைய கார் ஆகிவிடாது. எலீட் விஷயத்தில் 1961-ல் ஒருவர் கையால் பாய் விரித்துப் பிசின் தடவிய அந்தச் சுவர்தான் காரே. அதை மாற்றிவிட்டால் மிஞ்சுவது எஞ்சினும் நம்பர் பிளேட்டும்.

இங்கே நாற்பது வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி கிடையாது, பெரிதாக எதையும் மாற்றாதவரை வருடாந்திரச் சோதனையும் கட்டாயமில்லை. இவர் ஆனாலும் சோதனைக்குக் கொண்டுபோவாராம். பிரேக்கை இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது நல்லது என்கிறார், எனக்கும் அது சரியாகப் படுகிறது.

ஒன்று சொல்ல மறந்தேன். இந்தக் காரின் கதவுக் கண்ணாடி கீழே இறங்காது. கதவு வளைந்திருப்பதால் உள்ளே இடமில்லை. வெயில் அடித்தால் முழுசாகக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு ஓட்டவேண்டும். மழை வந்தால் ஓரம்கட்டித் திரும்ப மாட்டவேண்டும். இங்கிலாந்து மழைக்கு இது சரிப்படுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த மாதம் டிஃபரன்ஷியலை ஏற்றுகிறார். இடம் கொடுத்தால் கேமராவோடு வருகிறேன். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்கு என்றெல்லாம் கேட்க நினைப்பவர்கள் கமெண்டில் போடுங்கள், நேரில் கேட்டுவிடலாம்.