கேட்காமலே வெட்டிய பெயர்

நேயர்களுக்கு வணக்கம். நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். இருபத்தேழு வருடம் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். கம்பனிகளின் உச்சியில் இருப்பவர்களின் சம்பளம் எப்படி முடிவாகிறது, அங்கே பெண்கள் ஏன் குறைவு என்று பேச அழைத்தார்கள்.

கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளில் பணிப்பாளர் சபைக்குக் கீழே ஓர் ஊதியக் குழு இருக்கும். பிரதம நிறைவேற்று அதிகாரிக்கு என்ன கொடுப்பது என்று பேசும்போது, அதே அளவுள்ள மற்றக் கம்பனிகள் என்ன கொடுக்கின்றன என்பது பெரிதாக எடுபடும். அப்புறம் இலாபம், ஊக்கத்தொகை, பங்குகள். பொதுவாகக் கம்பனி பெருகப் பெருகத் தலைவரின் சம்பளமும் பெருகும்.

பெண்களின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. மரியான் பெர்ட்ராண்ட், கெவின் ஹாலக் என்ற பொருளியலாளர்கள், 1992 முதல் 1997 வரை அமெரிக்கக் கம்பனிகளின் முதல் ஐந்து பதவிகளில் இருந்தவர்களை ஆராய்ந்தார்கள். அதில் பெண்கள் 2.5 சதவீதம்தான். சம்பளம் ஆண்களைவிட ஏறத்தாழ 45 சதவீதம் குறைவு. அந்த இடைவெளியில் முக்கால் பங்கு வரை, பெண்கள் சிறிய கம்பனிகளில் இருந்ததாலும் தலைமைக் கதிரைக்கு அரிதாகவே போனதாலும் வந்தது. வயதையும் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் சொல்ல முடியாமல் மிஞ்சிய இடைவெளி 5 சதவீதத்துக்கும் குறைவு.

சரி, அந்தப் பெரிய கதிரை எப்போது கைநழுவுகிறது? முப்பது வயதிலேயே என்பேன். எங்கள் கொழும்புத் தலைமையகத்துக்கு ஒருவர் தேவைப்பட்டார். இங்கே இரவு ரயில் ஏறினால் விடியக் கொழும்பு. "பிள்ளை சின்னன், மிஸ் போகமாட்டா" என்று அவர்களே முடிவெடுத்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா பிள்ளையைப் பார்த்திருப்பார், நான் போயிருப்பேன். எனக்குப் பின் சேர்ந்தவர் போனார். அங்கிருந்து படிப்படியாக மேலே போனார். இன்றும் மனம் ஆறவில்லை.

நோர்வே 2003இல் சட்டம் கொண்டுவந்து, பெரிய பொதுக் கம்பனிகளின் பணிப்பாளர் சபைகளில் பெண்களுக்கு 40 சதவீத இடம் வேண்டும் என்றது. 2008க்குள் சபைகள் மாறின. ஆனால் அன்றாடம் கம்பனியை நடத்தும் பதவிகளுக்கு அந்த மாற்றம் பெரிதாக இறங்கவில்லை. கீழே இடமாற்றப் பட்டியல் எழுதுகிற மேசை மாறவில்லையே!

பிறகு நான் முகாமையாளரானேன். அப்படி ஓர் இடம் வந்தபோது, தகுதியான எல்லாரிடமும் கேட்டு எழுத்தில் வாங்கினேன். நான்கு பெண்களில் மூவர் "போகிறேன்" என்று எழுதினார்கள். அதில் ஒருவருக்குக் கைக்குழந்தை.