ஷெனா: பெண்ணா, மனைவியா?

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், ஆனால் அந்தச் சொல் பத்துப் பன்னிரண்டு மொழிகளில் குடியிருக்கிறது, அதனால் கொஞ்சம் சுற்றித்தான் ஆக வேண்டும்.

1980களில், இன்று உக்ரைனின் தலைநகராக இருக்கும் கீவ் நகரத்துக்குப் படிக்கப் போனவள் நான். அப்போது அது சோவியத் நாடு. வெளிநாட்டு மாணவர்கள் முதல் வருடம் ரஷ்ய மொழி படித்தாக வேண்டும். எங்கள் ஆசிரியை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார், ‘ஷெனா’ என்றால் மனைவி, ‘ஷென்ஷினா’ என்றால் பெண், இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள் என்று. (நான் ‘ஷ’ என்று சொல்கிறேன், உண்மையில் அது ‘மெஷர்’, ‘ட்ரெஷர்’ என்கிற சொற்களின் நடுவில் வருகிற ஒலி, தமிழில் அதற்கு எழுத்து இல்லை.) சரி, நன்றாக மனப்பாடம் செய்துகொண்டேன். அப்புறம் ஒரு நாள் பெசராப்கா சந்தைக்குப் போனேன். நகரத்தில் பெரும்பாலும் ரஷ்ய மொழி, ஆனால் கிராமத்திலிருந்து தேனும் காய்கறியும் கொண்டுவந்து விற்பவர்கள் பேசுவது உக்ரைனிய மொழி. ஒரு பெரியவர் பக்கத்தில் நின்ற அம்மாவைக் காட்டி ‘மோயா ஷின்கா’ என்றார். மனைவி என்கிறார் போல, புரிந்துவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து, வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் காட்டி, அந்த ‘ஷின்கா’வுக்கு முதலில் எடை போடு என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே சொல்லா?

ஆமாம், ஒரே சொல்தான். வினோதம் உக்ரைனிய மொழியில் இல்லை, நான் படித்த ரஷ்ய மொழியில்தான் இருந்தது. பின்னாளில் இதைத் தேடிப் படிக்கப் படிக்க விடவே முடியவில்லை.

ரஷ்யர், உக்ரைனியர், போலந்துக்காரர், செக், செர்பியர், பல்கேரியர் எல்லாரும் ஸ்லாவியர் என்ற ஒரே மொழிக் குடும்பம். பழைய காலத்தில் ஸ்லாவிய மக்கள் எல்லாருக்கும் இது ஒற்றைச் சொல். 863ஆம் ஆண்டு தெசலோனிக்கா நகரத்துச் சகோதரர்கள் சிரிலும் மெதோடியசும் இன்றைய செக் நாட்டுப் பக்கத்து மொராவியாவுக்கு மதப்பணிக்காகப் போனார்கள், அந்தப் பணிக்காக வேதாகமத்தை மொழிபெயர்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பழைய எழுத்துகளில் ‘ஷெனா’ பெண்ணும்தான், மனைவியும்தான். கானாவூர் கல்யாணத்தில் இயேசு தன் தாயைப் பார்த்துப் பேசுகிற இடம் நினைவிருக்கிறதா? பழைய தமிழ் வேதாகமத்தில் ‘ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன’ என்று வருகிறதே, அந்த இடத்தில் ரஷ்ய வேதாகமத்தில் இன்றைக்கும் ‘ஷெனோ’ என்றுதான் இருக்கிறது, ஷெனாவின் விளி வடிவம். இன்றைய ரஷ்யக் குழந்தை ஒன்று அதை முதல் தடவை கேட்டால் திகைத்துப்போகும், மகன் தாயை ‘மனைவியே’ என்று கூப்பிடுவது போல அல்லவா ஒலிக்கிறது! கல்லறைக்கு நறுமணத் தைலம் எடுத்துப்போன பெண்களையும் திருச்சபை ‘ஷெனி’ என்றுதான் சொல்கிறது, யாருடைய மனைவிகள் என்ற கேள்வியே அங்கே கிடையாது. ஆனால் 1825 டிசம்பரில் ஜாருக்கு எதிராகக் கிளர்ந்து சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்களின் பின்னால், பட்டம் பதவி எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போன இளவரசி திருபெத்ஸ்காயா, வொல்கோன்ஸ்காயா போன்றவர்களை அதே சொல்லால் சொல்லும்போது பொருள் மனைவிகள். நடுவில் எங்கேயோ சொல் இடம் மாறிவிட்டது.

இதன் வேர் ஸ்லாவிய மொழிகளுக்கும் முந்தியது, கிரேக்கம், ஆங்கிலம், பாரசீகம், வடமொழி எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு ஆதிமொழியைச் சேர்ந்தது. அறிஞர்கள் மீட்டெடுத்திருக்கும் ஆதி வடிவம் ‘க்வென்’ மாதிரி, முதல் எழுத்து வல்லோசை இல்லாமல் மென்மையாக, ‘கணபதி’யின் க. ஸ்லாவிய மொழிகளில் எ, இ போன்ற உயிர்களுக்கு முன்னால் வந்த அந்தக் க, ஷ பக்கம் நகர்ந்துவிட்டது. இதைக் கேட்டு ஆச்சரியப்பட வேண்டாம், நம் வீட்டிலும் இதே மாதிரி நடந்திருக்கிறது. கன்னடத்தில் காதுக்குக் ‘கிவி’, தமிழில் ‘செவி’. கன்னடத்தில் ‘கெய்’, தமிழில் ‘செய்’. நாக்கு ஒரே வேலையைத்தான் செய்கிறது, வார்சாவில் ஆனாலும் மதுரையில் ஆனாலும்.

அதே வேரிலிருந்து கிரேக்கத்தில் பிறந்ததுதான் நாம் ‘கைனகாலஜி டாக்டர்’ என்கிறோமே, அதன் முன்பாதி. ஆங்கிலத்துக் ‘குயின்’ அதே வேர், முதலில் அதற்கும் வெறுமனே பெண் என்றுதான் பொருள். பாரசீகத்தில் ‘ஜன்’, அதிலிருந்துதான் அந்தப்புரத்துக்கு ‘ஜெனானா’ என்ற பெயர். வேதகால வடமொழியில் ‘ஜனி’, அங்கேயும் பெண், மனைவி இரண்டும். (ஜனனி என்ற பெயர் வைத்திருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம், அது ‘பிறப்பித்தல்’ என்ற வேறு வேர்.)

அப்படியானால் எந்த மொழி பிரித்தது, எது பிரிக்கவில்லை? செக், ஸ்லொவாக், செர்பியன், குரோவாத்தியன், பல்கேரியன், மாசிடோனியன், உக்ரைனியன் எல்லாம் பழையபடி ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கின்றன. குழப்பம் வராதா என்று கேட்பீர்கள். ‘அந்த ஷெனா’ என்றால் பெண், ‘என் ஷெனா’ என்றால் மனைவி, அவ்வளவுதான். பல்கேரிய மொழியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த மொழியில் பெயர்ச்சொல்லின் வாலில் ஆங்கிலத்து ‘தி’ மாதிரி ஒரு சுட்டு ஒட்டும். ‘என் அம்மா’, ‘என் அக்கா’ என்று நெருங்கிய உறவைச் சொல்லும்போது மட்டும் அந்தச் சுட்டு போய்விடும். ‘என் மனைவி’க்கும் போய்விடுகிறது, ‘ஷெனா மி’. ஆனால் ‘என் கணவர்’ என்று சொல்லும்போது சுட்டு வந்து நின்றுகொள்கிறது, ‘முஷத் மி’. மனைவியை இரத்த உறவுகளோடு சேர்த்துவிட்ட இலக்கணம் கணவரை ஏன் வாசலிலேயே நிறுத்தியது என்று எனக்கு இன்றும் ஆவல்.

பிரித்தவர்கள் ரஷ்யர்கள், பெலாரூசியர்கள், போலந்துக்காரர்கள். ஸ்லொவேனியர்களும் மனைவிக்கு ஷெனா, பெண்ணுக்குப் பெரும்பாலும் ‘ஷென்ஸ்கா’ என்று பிரித்துக்கொண்டார்கள். கவனியுங்கள், பழைய சொல்லை எடுத்துக்கொண்டவள் மனைவி. பெண்ணுக்குத்தான் புதுச்சொல் தேட வேண்டி வந்தது. ஆங்கிலமும் இதே பாதையில் போயிருக்கிறது. ‘வைஃப்’ என்றால் ஒரு காலத்தில் பெண்தான். பிரசவத்தின்போது கூட இருக்கும் பெண் ‘மிட்வைஃப்’ ஆனது அதனால்தான். பிறகு வைஃப் மனைவியாகச் சுருங்கியது, பெண்ணுக்கு ‘வுமன்’ வந்தது, அதற்குள்ளேயும் பழைய வைஃப் ஒளிந்திருக்கிறது.

ரஷ்யர்கள் ‘ஷெனா’வோடு ஒரு விகுதி சேர்த்து ஷென்ஷினா செய்தார்கள். அந்த விகுதி கூட்டத்தைக் குறிப்பது, ஆக முதலில் பெண்ணினம் என்ற பொருள், பிறகு ஒருத்தியையே குறிக்கத் தொடங்கியது. இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று நம் ‘பெண்சாதி’ ஞாபகம் வந்தது. பெண் சாதி, அதாவது பெண்ணினம், அதுதானே நம் ஊரில் பொஞ்சாதியாகி மனைவி ஆயிற்று! அங்கே இனத்தைக் குறித்த சொல் பெண்ணாயிற்று, இங்கே இனத்தைக் குறித்த சொல் மனைவியாயிற்று. ரஷ்ய மொழி பழைய பொருளை முழுக்கத் தொலைத்துவிடவும் இல்லை. மார்ச் 8 மகளிர் நாளுக்கு ரஷ்யப் பெயரில் வருகிற ‘ஷென்ஸ்கி’ என்ற அடைமொழி ஷெனாவிலிருந்து வந்ததுதான், அதற்கு ‘மனைவியின்’ என்று யாரும் பொருள் கொள்வதில்லை. 1917இல் அன்றைய ரஷ்யத் தலைநகரான பெத்ரோகிராத்தின் ஆலைப் பெண்கள் அந்த நாளில்தான் தெருவில் இறங்கினார்கள், ஜார் ஆட்சி போனது.

போலந்துக் கதைதான் இதில் மனதைப் பிசைகிறது. அங்கே மனைவி ‘ஷோனா’. பெண்ணுக்கு முன்பு ‘நியெவியஸ்தா’ என்றார்கள், ‘பியாவோக்வோவா’ என்றும் சொன்னார்கள், வெண்தலையாள் என்று பொருள், மணமான பெண்கள் தலையில் கட்டிய வெள்ளைத் துணியை வைத்து. இன்று அங்கே பெண்ணுக்குச் சொல் ‘கொபியெத்தா’. 16ஆம் நூற்றாண்டில் அது ஒரு வசைச்சொல். அந்தக் காலத்து எழுத்தாளர் மார்சின் பியெல்ஸ்கி பெண்கள் கூடிப் பேசும் நாடாளுமன்றம் ஒன்றைக் கற்பனை செய்து எழுதினார், அதில் பெண்கள் இதையே புகாராக வைக்கிறார்கள், ஆண்கள் எங்களை இன்னும் இழிவுபடுத்தக் ‘கொபியெத்தா’ என்கிறார்கள் என்று. சொல் எங்கிருந்து வந்தது என்பதில் சண்டை ஓயவில்லை, பன்றிப்பட்டியைக் குறித்த சொல்லோடு சேர்ப்பவர்கள் உண்டு, ஜெர்மன் பக்கமிருந்து வந்ததென்பவர்களும் உண்டு. எப்படியோ இருநூறு வருடத்தில் வசை தேய்ந்து, 18ஆம் நூற்றாண்டில் சாதாரணச் சொல்லாயிற்று. பழைய ‘நியெவியஸ்தா’ ஜெபத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, நம் கத்தோலிக்கர் ‘பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவள் நீரே’ என்று சொல்லும் இடத்தில் போலந்துப் பாட்டிகள் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். 2016 அக்டோபர் 3, கருக்கலைப்பை முற்றிலும் தடுக்கவிருந்த சட்ட வரைவை எதிர்த்துக் கறுப்பு உடை உடுத்தி ஊர் ஊராக வீதிக்கு வந்தார்களே, அந்தப் போராட்டத்தின் பெயரில் இருந்தது ‘கொபியெத்தா’தான், வேலைநிறுத்தம் செய்யும் கொபியெத்தாக்கள். யார் வாயிலிருந்து அடியாக விழுந்த சொல்லோ, அதை இவர்கள் தூக்கிப்பிடித்து நடந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

கல்யாணத்துக்கு என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். ரஷ்யன் கல்யாணம் செய்துகொண்டால் ‘ஷெனீல்சா’, ஷெனாவிலிருந்தே வினைச்சொல், தனக்கு மனைவியைக் கொண்டான் என்பது மாதிரி. அதே கல்யாணத்தில் பெண்ணுக்கு அந்த வினை கிடையாது. அவள் ‘விஷ்லா சாமுஷ்’, கணவனுக்குப் பின்னால் வெளியேறிப் போனாள். போலந்திலும் அதே. செக், செர்பியப் பெண்கள் ‘தன்னைக் கொடுத்துக்கொள்கிறார்கள்’. நாமும்தான் பெண் எடுத்தோம், பெண் கொடுத்தோம் என்கிறோம், ‘வாழ்க்கைப்பட்டாள்’ என்று சொல்கிறோமே ஒழிய ‘வாழ்க்கைப்பட்டான்’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, அதே நேரம் உக்ரைனியர்களை நினைத்தால் ஆறுதல். அவர்களிடம் பழைய இரட்டை வினைகளும் உண்டு, ஆனால் இரண்டு பேருக்கும் பொதுவாக ‘ஒத்ருஷிதிஸ்யா’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ‘த்ரூக்’ என்றால் தோழன், அந்த வேர். தோழமையானார்கள், அவ்வளவுதான்.

மனைவிக்கு மரியாதையான உக்ரைனியச் சொல்லும் அதே வேர்தான், ‘த்ருஷினா’. ரஷ்யர், உக்ரைனியர் இருவருக்கும் முன்னோடியான பழைய ரூஸ் நாட்டில் இளவரசனைச் சுற்றி நின்ற போர்வீரர் குழுவுக்கு அந்தப் பெயர். ரஷ்ய மொழியில் இன்றும் அது படை, தொண்டர் குழு. உக்ரைனியக் கணவர் ‘என் த்ருஷினா வருகிறாள்’ என்றால் ரஷ்யக் காதில் ஒரு பட்டாளமே வருகிற மாதிரி விழும். ரஷ்யர்கள் மரியாதைக்கு ‘சுப்ருகா’ என்பார்கள், ஒரே நுகத்தில் பூட்டப்பட்டவள் என்பது அடிப்பொருள், நம் ‘துணைவியார்’ மாதிரி அடுத்தவர் மனைவியைச் சொல்லத்தான் பொருத்தம், தன் மனைவியை அப்படிச் சொன்னால் கொஞ்சம் பந்தாவாகத் தெரியும்.

‘நியெவியஸ்தா’வுக்குத் திரும்ப வருகிறேன். ரஷ்ய மொழியில் இதே சொல் ‘நெவேஸ்தா’, மணப்பெண். ஸ்லொவாக் மொழியில் மணப்பெண்ணோடு மருமகளும்கூட. வேரைப் பிரித்தால் ‘அறியப்படாதவள்’ என்று வருகிறது என்பதுதான் வெகுகாலமாகச் சொல்லப்படும் விளக்கம். புது வீட்டுக்கு வருகிறவளைக் கெட்ட ஆவிகள் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று பெயர் சொல்லாமல் மறைத்தார்களாம். பாதுகாப்புக்காகவே இருக்கட்டும், ஆனாலும் பெண் என்ற சொல்லுக்கே போலந்தில் சில நூற்றாண்டுகள் ‘தெரியாதவள்’ என்பது அடிப்பொருளாக இருந்திருக்கிறது என்பது எனக்குச் சாதாரணமாகப் படவில்லை.

அந்தச் சந்தைக்கு நான் பிறகும் போனேன், தேன் வாங்க. ஒரு நாள் பெரியவர் கடையில் இல்லை, அந்த அம்மா மட்டும். அவர் எங்கே என்று எனக்குத் தெரிந்த ரஷ்ய மொழியில் கேட்டேன். ‘மீய் சொலொவிக்’ ஊருக்குப் போயிருக்கிறார் என்றார். உக்ரைனிய மொழியில் அந்தச் சொல்லும் இரட்டைதான், ஆண் என்றும் பொருள், கணவர் என்றும் பொருள். ஆனால் ரஷ்ய மொழியில் அதே சொல்லுக்கு மனிதன் என்று பொருள், ஆணோ பெண்ணோ யாராக இருந்தாலும். அதனால் அன்றைக்கு என் காதில் விழுந்தது, ‘என் மனிதர் ஊருக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வந்துவிடுவார்’ என்று.