இருபது வினாடி வாசித்த கை

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு பாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன், அதிலும் அதன் கடைசிப் பகுதியில் வரும் இருபது வினாடி சொச்சத்தைப் பற்றி.

1969 நவம்பரில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில், பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழு 'ஃபங்கி டிரம்மர்' பாட்டைப் பதிவு செய்தது. ஏழு நிமிடம் ஓடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் சாக்ஸபோனும் ஆர்கனுமாக ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருக்கும் பாட்டில், திடீரென்று பிரவுன் மற்ற எல்லோரையும் நிறுத்தச் சொல்கிறார். டிரம்மரிடம், சோலோ எதுவும் வேண்டாம், வாசிப்பதையே வாசி என்கிறார். வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு.

நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். வலக்கை ஹை-ஹேட்டில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஜோடித் தட்டில், விடாமல் ஓடுகிறது. இடக்கை ஸ்நேர் என்னும் சின்ன டிரம்மில் ஓங்கி அடிக்கும் அடி எல்லோருக்கும் கேட்கும். ஆனால் அந்த அடிகளுக்கு நடுவே குச்சி தோலைத் தொட்டும் தொடாமலும் சின்னச் சின்னதாக விழுகிறதே, கேட்டும் கேட்காமலும், அதுதான் ஆளை ஆட வைக்கிறது. அதை எடுத்துவிட்டால் சாதாரண பீட்.

1986இல் ஒரு தொகுப்பு ஆல்பத்தில் பாட்டு முழுசாக வந்தது. பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி (அதுதான் சாம்பிள்) புதுப் பாட்டில் திரும்பத் திரும்ப ஓடவிடும் சாம்பிளர் கருவிகளும் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தன. அப்புறம் கேட்க வேண்டுமா? 1989இல் பப்ளிக் எனிமி என்ற ஹிப்-ஹாப் குழுவின் 'ஃபைட் த பவர்', அடுத்த வருடம் ராப் பாடகர் எல்எல் கூல் ஜே, ஹிப்-ஹாப்புக்கு வெளியே பாடகர்கள் ஷினேட் ஓ'கானர், ஜார்ஜ் மைக்கேல் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் இந்தக் கை வாசிக்கிறது.

சரி, ஸ்டபிள்ஃபீல்டுக்கு என்ன கிடைத்தது? சாம்பிள் எடுப்பவர் பாட்டை எழுதியவரிடமும் பதிவின் உரிமையாளரிடமும் அனுமதி வாங்க வேண்டும், பணம் அவர்களுக்குத்தான் போகும். எழுதியவர் என்று பதிவாகியிருப்பது ஜேம்ஸ் பிரவுன் பெயர் மட்டும். சம்பளத்துக்கு வாசித்த டிரம்மர் இந்த இரண்டு கணக்கிலும் வரமாட்டார். அந்தத் தாளத்தை உண்டாக்கியவரே அவர்தான் என்னும்போது இது அநியாயம் என்றுதான் நான் சொல்வேன். சாம்பிள் எடுத்தவர்கள் காசும் தரவில்லை, பெயரும் போடவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருக்குப் புற்றுநோய் வந்தபோது மருத்துவச் செலவில் ஏறத்தாழ 80,000 டாலரை வெளியே சொல்லாமல் கட்டியவர் பாடகர் பிரின்ஸ். ஸ்டபிள்ஃபீல்டு 2017இல் அமெரிக்காவின் மேடிசன் நகரத்தில் காலமானார்.

இங்கே பீட் போடுகிற தம்பி தங்கைகள் யாராவது இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சாம்பிள் எடுக்கும்போது அதை வாசித்தது யார் என்று தேடி, அந்தப் பெயரைப் பாட்டு விவரத்தில் எழுதுங்கள். ராயல்டி எல்லாம் கம்பெனிகள் பேசித் தீர்க்கிற சமாசாரம், பெயர் போட யார் அனுமதியும் தேவையில்லை.